மிளகாய் இலை சுருண்டால் முதலில் எங்கே பார்ப்பது? மாடித்தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

மாடியில் வைத்த மிளகாயில் இலை சுருண்டுவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் பதில் "வேப்பெண்ணெய் அடிங்க" என்பதுதான். இலை மஞ்சளானாலும் அதே பதில், புள்ளி விழுந்தாலும் அதே பதில். சில நேரம் பலிக்கும். பல நேரம் பலிக்காது, ஏனென்றால் சுருட்டை என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. இலைப்பேன் உறிஞ்சினாலும் இலை சுருளும். கண்ணுக்கே தெரியாத மஞ்சள் சிலந்தி உறிஞ்சினாலும் சுருளும். வைரஸ் வந்தாலும் சுருளும். ஏப்ரல் மாத உச்சிவெயிலிலும் சுருளும். முதல் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கடைசி இரண்டுக்கு மருந்தே கிடையாது.

12 அல்லது 15 அங்குலப் பையில், செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மட்கிய எரு கலந்து சம்பா, குண்டு, காந்தாரி என ஏதோ ஒரு மிளகாயை முதல்முறை வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. எதைத் தெளிப்பது என்பது பின்னால் வரும். எதைத் தெளிக்காமல் இருப்பது என்று தெரிந்துகொண்டாலே பாதிச் செடிகள் பிழைத்துவிடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, ஒரு வெள்ளைத்தாள், ஒரு அடி நீள மூங்கில் குச்சி. கைலென்ஸ் இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ ஆகிய சாறு உறிஞ்சும் பூச்சிகள் மூன்றும் அதிலேயே தெரியும். மஞ்சள் சிலந்தி தெரியாது. அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான்.

முதல் படி: காலை ஏழு மணிக்குப் பாருங்கள்

மிளகாய்ச் செடியை மதியம் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மொட்டை மாடியில் வெயில் ஏறும்போது இலை தன் இரு ஓரங்களையும் நடு நரம்பை நோக்கி மேலே மடித்துக்கொள்ளும், அல்லது மொத்தமாகத் தொங்கும். நீர் இழப்பைக் குறைக்கச் செடி செய்துகொள்ளும் வேலை அது. மாலையில் விரிந்து, காலையில் நேராக நின்றால் அது நோய் அல்ல. தரைச்சூடு நேராக வேரில் ஏறாமல் பையைச் செங்கல்மேல் வைத்து, மண்ணின்மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குலம் மூடாக்காகப் பரப்பினாலே போதும். மார்ச் முதல் ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை கட்டினால் இன்னும் நல்லது. காலை ஏழு மணிக்கும் இலை சுருண்டே இருந்தால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

அதே கையோடு மூங்கில் குச்சியைப் பையின் ஓரமாக அடிவரை குத்தி எடுங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும். குச்சியின் கீழ்ப்பாதியோ ஈரமும் சேறுமாக வரும். தினமும் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சர்வ சாதாரணம். குச்சியில் புளித்த, அழுகிய வாடை அடித்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அப்போது இலை மஞ்சளாகும், தொங்கும், உதிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், செடி போய்விடும். ஈரம் இருந்தும் வாடும் செடிக்குத் தண்ணீர் கூடாது. பையின் அடி ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்த்துக் குச்சியால் குத்திவிடுங்கள். மேலே இரண்டு அங்குலம் காயும்வரை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: பழைய இலையா, கொழுந்தா?

இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகவே இவற்றின் பற்றாக்குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவற்றை அப்படி எளிதில் உருவ முடியாது. அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். இலைப்பேன், மஞ்சள் சிலந்தி, அசுவினி மூன்றுக்கும் இளசுதான் பிடிக்கும் என்பதால் அவற்றின் சேதமும் கொழுந்தில்தான். பூசண, பாக்டீரியா புள்ளிகள் பெரும்பாலும் அடி இலையில் தொடங்கி மேலேறும், ஏனென்றால் மண்ணிலிருந்து தெறிக்கும் தண்ணீர் அங்கேதான் படுகிறது.

மூன்றாம் படி: இலையைத் திருப்புங்கள், தாளில் தட்டுங்கள்

மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லும் எந்தத் தீர்ப்பும் பாதித் தீர்ப்புதான். கொழுந்துக்குக் கீழே இரண்டாவது, மூன்றாவது இலையைத் திருப்பி நடு நரம்பை ஒட்டிப் பாருங்கள். பிறகு வெள்ளைத்தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, கிளையை விரலால் நாலைந்து தடவை சுண்டுங்கள். பூ இருந்தால் பூவையும் சுண்டுங்கள். தாளை நிழலில் வைத்து அரை நிமிடம் கவனியுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெலிந்து நீண்ட வெளிர்மஞ்சள் கீற்றுகள் ஓடினால் இலைப்பேன். கறுத்த கீற்றுகள், அதுவும் பூவிலிருந்து விழுந்தால், கருப்பு இலைப்பேன். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடியது இதுதான். பூவுக்குள் ஒளிந்துகொள்வதால் இலையை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டைவிடுவார்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ உருண்டையாக இருந்து மெதுவாக நடந்தால் அசுவினி. தட்டியதும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. எதுவுமே விழவில்லை, ஆனாலும் கொழுந்து கெட்டிருக்கிறது என்றால் மஞ்சள் சிலந்தியையும் வைரஸையும் சந்தேகியுங்கள்.

சுருட்டை: எந்தப் பக்கம் சுருள்கிறது?

மிளகாயில் வரும் புகார்களில் இதுதான் பெரிது. கிராமங்களில் முரணை என்பார்கள்.

இலையின் ஓரங்கள் *மேல்நோக்கி* மடிந்து, இலை சிறுத்துச் சொரசொரப்பாகி, அடிப்பக்கத்தில் நரம்போரமாக வெள்ளிப் பளபளப்போ பழுப்புக் கீறலோ இருந்தால் இலைப்பேன். அது திசுவைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுவதால் வரும் தழும்பு அது. வெயிலும் வறட்சியும் கூடக்கூட இதன் தொல்லை கூடும், அதனால் கோடையில் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இலைப்பேன் இலையின் தசைக்குள் முட்டை வைக்கும். பெரும்பாலும் மண்ணிலும் சருகிலும் கூட்டுப்புழு ஆகும். ஒருமுறை தெளித்தால் இலைமேல் இருப்பவை மட்டும் சாகும். முட்டையும் மண்ணில் இருப்பதும் அடுத்த வாரம் வந்து நிற்கும். எனவே 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிப்பது என்பதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீரைக் கைத்தெளிப்பானால் வேகமாக இலையின் அடியில் பீய்ச்சி, பிறகு மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசலோ 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலோ தெளிக்கலாம். கண்காணிக்க நீலநிற ஒட்டும் அட்டையை கொழுந்து உயரத்தில் தொங்கவிடுங்கள். மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் உகந்தது. அட்டை பூச்சியை ஒழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும், அவ்வளவுதான்.

இலையின் ஓரங்கள் *கீழ்நோக்கி* வளைந்து, கவிழ்த்த படகைப் போல ஆகி, இலை ஒடுங்கி, தடித்து, கரும்பச்சையாகி, மடித்தால் படக்கென்று ஒடிந்தால் மஞ்சள் சிலந்தி. இலைக்காம்பு மட்டும் வழக்கத்துக்கு மாறாக நீண்டுவிடும். இது நல்ல அடையாளம். நுனிக்கொழுந்து கொத்தாக நின்று வளர்ச்சி முடங்கும், பூ உதிரும், பிஞ்சின்மேல் தக்கை படர்ந்தது போலிருக்கும். வெதுவெதுப்பும் காற்றில் ஈரமும் சேரும் நாட்களில், ஐந்தாறு நாளிலேயே ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது வந்துவிடும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிவிட்டுச் செடி தாவும், உங்கள் கைவழியாகவும் பரவும். ஆகவே சுருட்டைச் செடியைத் தொட்ட கையோடு அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

சிலந்தி பூச்சி இனமே அல்ல, அதற்கு எட்டுக் கால். பொதுவான பூச்சிமருந்துகள் பல இதன்மேல் வேலை செய்யாது. அதைவிட மோசம், சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று சிலந்தியைப் பெருக்கிவிடும். இதற்குக் கைகொடுப்பது நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள். கெட்டுப்போன நுனியை இரண்டு மூன்று அங்குலம் கத்தரித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு 80 சதவீத நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கொழுந்தும் இலையடியும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. இரண்டு எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது: வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் இலையைப் பொசுக்கும், வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தாலும், கந்தகத்துக்குப் பின் அதே இடைவெளி விடாமல் வேப்பெண்ணெய் தெளித்தாலும் இலை கருகும். கோடையில் 32 டிகிரிக்குக் குறைவான நாளே கிடைக்காது என்றால் கந்தகத்தை விட்டுவிட்டு, நுனியைக் கத்தரித்து, வேப்பெண்ணெயை மட்டும் மாலையில் தெளியுங்கள்.

மேலும் கீழுமாக இரண்டு விதமாகவும் ஒரே செடியில் சுருண்டிருப்பதும் உண்டு. இலைப்பேனும் சிலந்தியும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அப்போது அதிகம் கெட்டிருக்கும் பக்கத்தைப் பார்த்து முதல் வைத்தியத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அசுவினியால் வரும் சுருட்டை சந்தேகத்துக்கு இடம் தராது. கொழுந்தின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும், இலை பிசுபிசுக்கும், அந்த இனிப்புக்கு எறும்பு வரிசை கட்டும், பிசுபிசுப்பின்மேல் கரும்பூசணம் படியும். எறும்பைக் கொல்லப் பொடி தூவுவதில் பயனில்லை, அசுவினி போனால் எறும்பும் போய்விடும். மூன்று நாள் தொடர்ந்து காலையில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

இனி வைரஸ். இலைகள் மிகச் சிறிதாகி, மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பூத்து, கணுக்கள் நெருங்கிச் செடியே குட்டையாகக் கொத்தாக நின்றால், இலைச்சுருட்டை வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பரப்புவது வெள்ளை ஈ. இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, சில இலைகள் நூலாக ஒடுங்கினால் தேமல் வைரஸ். அதைப் பெரும்பாலும் அசுவினி கொண்டுவரும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. புளித்த மோரும் பாலும் மஞ்சள்தூளும் தெளித்து வைரஸ் செடி தேறியதாகச் சொல்லக் கேட்டால், அது வைரஸாகவே இருந்திருக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலந்தியா வைரஸா என்று குழப்பம் வருவது இயல்பு. ஒரு சோதனை இருக்கிறது: நுனியைக் கத்தரித்து, சிலந்திக்கான வைத்தியத்தை இரண்டு முறை செய்துவிட்டு, 15 முதல் 20 நாள் காத்திருங்கள். அதன்பின் விடும் தளிர் நேராக வந்தால் சிலந்தி. புதுத் தளிரும் சிறுத்துச் சுருண்டே வந்தால் வைரஸ் என்று முடிவு கட்டலாம். ஏற்கெனவே சுருண்ட இலை எந்த மருந்துக்கும் நிமிராது, அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். பார்க்க வேண்டியது புதுத் தளிரை மட்டும்.

மஞ்சள்

அடியில் இரண்டு மூன்று கிழட்டு இலைகள் மஞ்சளாகி விழுவது இயற்கை, விட்டுவிடுங்கள். அடி இலைகள் முழுவதும் சீராக வெளுத்து, மஞ்சள் படிப்படியாக மேலேறி, செடியே நோஞ்சானாக நின்றால் தழைச்சத்துக் குறை. பைக்கு இரண்டு கை மண்புழு உரம் போட்டு மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். 100 கிராம் கடலைப்புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அதைப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துப் பைக்கு அரை லிட்டர் ஊற்றினாலும் ஒரு வாரம் பத்து நாளில் பச்சை திரும்பும். அவசரப்பட்டு யூரியாவைப் போட்டால் செடி தளதளவென்று வளரும், அந்த இளசுக்கே அசுவினியும் சேர்ந்து வரும்.

நரம்பு பச்சையாக, நரம்புக்கு இடைப்பட்ட இடம் மஞ்சளாக இருக்கிறதா? அடி இலையில் என்றால் மெக்னீசியம். கொழுந்தில் என்றால் இரும்பு. படம் ஒன்றுதான், இடம் மட்டும் வேறு. மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துப் பத்து நாள் இடைவெளியில் இருமுறை இலையில் தெளியுங்கள். இரும்புக்கு, நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு 2 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, கால் மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து தெளிக்கலாம். ஆனால் மண்ணில் இரும்பு இல்லாமல் இந்தக் குறை வருவது அரிது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை மாதக்கணக்கில் ஊற்றி மண்ணின் காரத்தன்மை ஏறியதாலோ, மண் எப்போதும் சொதசொதவென்று இருப்பதாலோ வேர் இரும்பை எடுக்க முடியாமல் போகிறது. அதைச் சரிசெய்யாமல் அன்னபேதி தெளித்துக்கொண்டே இருந்தால் அடுத்த தளிரும் மஞ்சளாகத்தான் வரும்.

இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பேறினால் உப்பு. பையின் மேல்மண்ணிலும் அடி ஓட்டை ஓரத்திலும் வெள்ளைப் படிவம் இருக்கும். கழுவாத தேங்காய் நார்க்கழிவு, மட்காத கோழி எரு, அளவில்லாமல் கொட்டிய உரம், வீட்டு ஆர்.ஓ. எந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது நல்ல எண்ணம்தான். ஆனால் மிளகாய் உப்பைத் தாங்காத பயிர், அந்தக் கழிவுநீரைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பேறிய 12 அங்குலப் பைக்கு ஏறக்குறைய 20 லிட்டர் நல்ல தண்ணீரை, நாலு தவணையாக அரை மணி இடைவெளி விட்டு ஊற்றி அடியில் வழியவிடுங்கள். சத்தும் சேர்ந்து கழுவிப்போகும் என்பதால் ஒரு வாரம் கழித்து மண்புழு உரம் கொடுங்கள்.

பூவும் காயும் பிடிக்கும் பருவத்தில் அடி இலையின் ஓரம் மட்டும் கருகி, மண்ணில் வெள்ளைப் படிவம் இல்லையென்றால் சாம்பல்சத்துக் குறையாக இருக்கலாம். மரச்சாம்பல் ஒரு பைக்கு ஒரு மேசைக்கரண்டி, மாதம் ஒருமுறை. ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்த தண்ணீர் ஊற்றும் வீட்டில் சாம்பல் வேண்டாம்.

கொழுந்து இலை நெளிந்து கசங்கி வருவதற்குச் சுண்ணாம்புச்சத்துக் குறை என்று சொல்லி முட்டையோட்டைப் பொடித்துப் போடுவது வழக்கம். முட்டையோடு கரைய மாதக்கணக்காகும், இந்தச் செடிக்கு அது உதவப்போவதில்லை. பெரும்பாலும் தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் ஒருநாள் வறட்சியாகவும் போவதுதான் காரணம். சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடுதான் மேலேறும்.

புள்ளிகள்

வட்டமான பழுப்புப் புள்ளி, நடுவே சாம்பல் வெள்ளை, சுற்றிக் கரும்பழுப்பு வளையம் என்றால் செர்க்கோஸ்போரா என்னும் பூசணம். தவளைக்கண் புள்ளி என்றும் சொல்வார்கள். புள்ளி சிறிதாக, ஒழுங்கற்ற வடிவில், எண்ணெய் பட்டதுபோல் ஈரமாகத் தொடங்கிக் கறுத்து, இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பாக்டீரியா. வடகிழக்குப் பருவமழை நாட்களில் இரண்டுமே வரும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுத்து அப்புறப்படுத்துவது, தரையிலிருந்து அரை அடி உயரம்வரை அடி இலைகளை நீக்குவது, மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றுவது, பைகளுக்கு இடையே ஒன்றரை அடியாவது விடுவது. கிள்ளும் வேலையை இலை காய்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஈர இலையைத் தொட்டால் பாக்டீரியா கையோடு வரும். அதற்கும் மேல் பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் தாமிர மருந்து லிட்டருக்கு 2.5 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. மருந்தின் பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கும் காத்திருப்புக் காலம் முடியும்வரை காய் பறிக்காதீர்கள். சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை (லிட்டருக்கு 5 முதல் 10 கிராம்) நோய் வருமுன் தெளிப்பது பலன் தரும், தாமிர மருந்தோடு கலந்தால் அதுவே செத்துவிடும். விதைவழியே வரும் பாக்டீரியா என்பதால் புள்ளி விழுந்த செடியின் காயிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

மேல்பக்கம் மஞ்சள் திட்டு, அதற்கு நேர் அடியில் வெள்ளை மாவு என்றால் சாம்பல் நோய். பனி இறங்கும் தை, மாசியில் எட்டிப்பார்க்கும். இலை மளமளவென்று கொட்டும். மேலே சொன்ன அதே நனையும் கந்தகம், அதே எச்சரிக்கைகளோடு.

இலையில் வெள்ளை வெள்ளையாக வளைந்து நெளிந்த கோடுகள் இலைத்துளைப்பான். கோட்டின் முனையில் இருக்கும் புழுவை நகத்தால் நசுக்குங்கள், வேறொன்றும் தேவையில்லை. ஓட்டைகள் என்றால் புழுவோ வெட்டுக்கிளியோ. இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் ஆள் அகப்படும்.

நோயே அல்லாதவை

கணுக்களில் ஊதாக் கறுப்புக் கோடு பல மிளகாய் வகைகளுக்கு இயல்பான நிறம். இலையடியில் நிறமற்றுப் பளபளக்கும் மணிகளைப் பூச்சி முட்டை என்று பயப்பட வேண்டாம். மிளகாய் இலை கசியும் சாறு உறைந்தது, விரல் பட்டால் உதிரும். இலையடியில் சின்னச் சின்னக் கொப்புளமாகத் தடித்திருந்தால் தண்ணீர் மிகுதி, அதுவும் மேகமூட்டமான வாரங்களில். நிழலில் வளர்த்த நாற்றை ஒரேநாளில் மொட்டை மாடிக்கு மாற்றினால் மேல் இலைகளில் வெளுத்த காகிதத் திட்டு விழும். ஒருவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டியிருக்க வேண்டும், இப்போது புது இலை வரும்வரை காத்திருந்தால் போதும். கறுப்பும் ஆரஞ்சுமாக, முள்முள்ளாக, அசுவினிக் கூட்டத்தில் திரியும் புழுவை நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது.

பச்சையாகவே வாடினால்

நேற்றுவரை நன்றாக இருந்த செடி மஞ்சளாகாமலே காலையிலும் தொங்கி நிற்கிறது, மண் சரியான ஈரத்தில் இருக்கிறது என்றால் தண்டின் அடியில் மூன்று அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் முனையிலிருந்து பால் நிறத்தில் இழையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். வைத்தியம் இல்லை. இழை இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பூசண வாடல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அடுத்த முறை மண் கலக்கும்போது பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு சேர்த்து இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள்.

தெளிக்கும் முறை

ஒரு லிட்டர் கரைசல் ஐந்தாறு செடிக்கு வரும். காதி சோப்புக் கரைசல் 2 மி.லி.யை முதலில் 5 மி.லி. வேப்பெண்ணெயோடு குழைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பால்போல் ஆக்கி, பிறகு ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். முதல் செடிக்கு வெறும் தண்ணீரும் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போகும், அந்தக் கடைசிச் செடி கருகும். துணி சோப்புத்தூள் கூடாது. வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே தெளித்துவிட வேண்டும். எதுவானாலும் முதலில் ஒரு கிளையில் தெளித்து ஒருநாள் பாருங்கள். நேரம் மாலை ஐந்துக்கு மேல். தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி, இலையடியில் அடியுங்கள்.

ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேப்பெண்ணெய், எப்சம் உப்பு, பஞ்சகவ்யம், இடம் மாற்றுதல் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால், தேறினாலும் எதனால் என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் 'இயற்கைப் பூச்சிவிரட்டி' என்று விற்பதை வாங்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததைச் சமையலுக்குப் பறிக்கும் செடியில் அடிக்க முடியாது.

எப்போது பிடுங்குவது

வைரஸ் என்று மேலே சொன்ன சோதனையில் உறுதியானால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கும் முன் மாலையில் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள், இல்லாவிட்டால் ஆட்டும்போது கிளம்பும் வெள்ளை ஈ அத்தனையும் பக்கத்துத் தக்காளிக்கும் கத்தரிக்கும் போய் உட்காரும். செடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழிக்கு வேண்டாம். மண்ணைக் கொட்டத் தேவையில்லை. இலைச்சுருட்டை வைரஸ் வெள்ளை ஈ வழியாகத்தான் வரும், மண்வழியாக வராது. பாக்டீரியா வாடலில் போன செடியின் மண் அப்படியல்ல. அதில் மிளகாய், தக்காளி, கத்தரி, உருளை எதையும் மறுபடி நடாதீர்கள், கீரைக்கு வைத்துக்கொள்ளலாம். புது நாற்றுகளை விதைத்த நாளிலிருந்து நடும் 35, 40 நாள்வரை 40 கண் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலைக்குள் வையுங்கள். வைரஸ் சிறுவயதில் தாக்கினால்தான் செடி அறவே காய்க்காமல் போகிறது. காய் பிடித்தபின் வந்தால் ஓரளவு பறித்துவிடலாம்.